நிறம் மாறும் வில்லை

எங்கள் வீட்டில் எல்லாரும் அம்மாவின் மூக்கை நம்பினோம். சந்தையிலிருந்து கோழி வந்தாலும் மீன் வந்தாலும் முதலில் அவர்தான் முகர்ந்து பார்ப்பார். தலையை அசைத்தால் சமையல் நடக்கும். முகத்தைச் சுளித்தால் பொருள் குப்பைக்குப் போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவர் முகரும் உணர்வை இழந்தார். மல்லிகை மணக்கவில்லை. அடுப்பில் பால் தீய்வது தெரியவில்லை. ஒருநாள் கெட்டுப்போன ஆட்டிறைச்சியைக் குழம்பு வைத்துவிட்டார். நான் வந்து சட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "இனிமேல் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பொட்டலத்தில்தான் தேதி அச்சிட்டிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தேதி ஓர் எதிர்பார்ப்பை நம்பி எழுதப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து உங்கள் வீடு வரை இறைச்சி முழு நேரமும் குளிரிலேயே இருந்திருக்கும் என்பதே அந்த எதிர்பார்ப்பு. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் நண்பரைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தது அந்தத் தேதிக்குத் தெரியாது. அதே வேளையில், நன்றாகப் பாதுகாக்கப்பட்ட இறைச்சியும் தேதி முடிந்த காரணத்தாலேயே குப்பைக்குப் போகிறது. உலகில் மனிதர்களுக்காக உற்பத்தியாகும் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது அல்லது இழக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2011இல் மதிப்பிட்டது. ஆகவே, தேதி இரண்டு பக்கமும் தவறலாம்: நல்லதைக் கெட்டது என்று சொல்லலாம், கெட்டதை நல்லது என்றும் சொல்லலாம்.

தேதியை விட்டுவிட்டு, இறைச்சியையே நேரடியாகக் கேட்டால் என்ன?

குரோனிங்கன் மாணவர்களின் எண்ணம்

நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கன் என்னும் நகரம் உள்ளது. 1614இல் தொடங்கப்பட்ட பழைய பல்கலைக்கழகம் ஒன்று அங்கே இருக்கிறது. 2012இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் குழு ஒன்று, கெட்டுப்போகும் இறைச்சியைக் கண்டறியும் பாக்டீரியாவை உருவாக்க முயன்றது. தங்கள் திட்டத்துக்கு 'உணவுக் காவலர்' என்று பொருள்படும் பெயரை அவர்கள் சூட்டினார்கள். அதை ஐஜெம் என்னும் அனைத்துலகப் போட்டிக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2003இல் ஒரு பாடமாகத் தொடங்கி, 2004இல் 5 குழுக்கள் மட்டும் பங்கேற்ற போட்டியாக மாறியது ஐஜெம். இன்று உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அதில் கலந்துகொள்கிறார்கள். 2012ஆம் ஆண்டின் இறுதிச்சுற்றில் குரோனிங்கன் குழுவே முதற்பரிசு வென்றது.

அவர்கள் தேர்ந்தெடுத்த பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ் சப்டிலிஸ். இது மண்ணில் இயல்பாக வாழ்வது. ஜப்பானியர் சோயா அவரையை நொதிக்க வைத்துச் செய்யும் 'நாட்டோ' என்னும் உணவை உண்டாக்குவதும் இதே இனந்தான். சூழல் மோசமானால் இது கடினமான வித்தாக மாறி உறங்கிவிடும். தண்ணீரும் ஊட்டமும் கிடைத்தால் மீண்டும் விழித்துக்கொள்ளும். ஓர் ஒட்டுவில்லைக்குள் அடைத்துக் கடைத்தட்டில் வைக்க வேண்டுமானால், இந்தத் தூங்கும் குணம் மிகவும் பயன்படும். வில்லையின் ஓர் அறையில் வித்துகள். இன்னோர் அறையில் ஊட்டநீர். இரண்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பை விரலால் அழுத்தி உடைத்தால் பாக்டீரியா விழித்துப் பணியைத் தொடங்கும். வில்லையின் உறை வாயுவை உள்ளே விடும். பாக்டீரியாவை வெளியே விடாது.

கெட்ட இறைச்சியிலிருந்து பல வாயுக்கள் வெளிவருகின்றன. அவற்றுள் எதைக் கண்டறிவது? மாணவர்கள் இங்கேதான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள் என்பது என் கருத்து. எந்த வாயு என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற மரபணுவைத் தேடிப் போகாமல், பாக்டீரியாவிடமே கேட்டார்கள். பேசில்லஸ் சப்டிலிஸுக்கு ஏறக்குறைய 4,100 மரபணுக்கள் உள்ளன. கெட்ட இறைச்சியின் காற்று பட்டவுடன் அவற்றில் எவை விழித்துக்கொள்கின்றன என்று ஒரே நேரத்தில் அளந்து பார்த்தார்கள். எஸ்பிஓஏ என்று அழைக்கப்படும் மரபணு அவற்றுள் ஒன்று. இயல்பு நிலையில் அது, பிற நுண்ணுயிர்களை எதிர்க்கும் ஒரு பொருளைத் தயாரிப்பதற்கு உதவுகிறது.

ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் அதை இயக்கும் ஒரு பகுதி உண்டு. அது மின்விளக்கின் விசையைப் போன்றது. மாணவர்கள் எஸ்பிஓஏ மரபணுவின் விசையை எடுத்து, அதன் பின்னால் நிறமியை உண்டாக்கும் மரபணுவை இணைத்தார்கள். இனி, கெட்ட இறைச்சியின் வாயு பட்டால் விசை இயங்கும், நிறமி உருவாகும், வில்லையின் நிறம் மாறும்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால், எவ்வளவு வாயு பட்டால் இயங்க வேண்டும்? நிறம் கண்ணுக்குத் தெரிய எத்தனை மணி நேரம் ஆகும்? அதற்குள் இறைச்சி எந்த நிலைக்குப் போயிருக்கும்? இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதனை செய்து பார்த்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும். எனவே, இத்தகைய பணியில் இறங்குவோர் முதலில் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். உண்மையில் நடப்பதைச் சில எண்களாகவும் அவற்றுக்கு இடையிலான உறவுகளாகவும் சுருக்கி எழுதுவதைக் கணித மாதிரி என்கிறோம். 2000ஆம் ஆண்டில் எலோவிட்ஸ், லைப்ளர் என்னும் இரு அறிவியலாளர்கள், 3 மரபணுக்களை வளையமாக இணைத்து, பாக்டீரியாவை விளக்குப்போல் விட்டு விட்டு ஒளிரச் செய்தார்கள். அவர்களும் முதலில் சமன்பாடுகளைத்தான் எழுதிப் பார்த்தார்கள். எந்த நிலையில் ஒளி விட்டு விட்டு வரும், எந்த நிலையில் ஒரே அளவில் நின்றுவிடும் என்பதைக் கணக்குதான் அவர்களுக்கு முன்கூட்டியே காட்டியது.

நாமும் அப்படி ஒரு மாதிரியை அமைத்துப் பார்ப்போம். பின்வரும் எண்களில் பல, கணக்கைத் தெளிவாகக் காட்டுவதற்காக நான் தேர்ந்தெடுத்தவை. அவற்றைக் குரோனிங்கன் குழுவின் அளவீடுகள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தாளும் கணிப்பானும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதல் கணக்கு: இறைச்சி

இறைச்சியைக் கெடுப்பவையும் பாக்டீரியாக்கள்தாம். குளிர்பதனப் பெட்டியில், காற்றுப் படும்படி வைத்த இறைச்சியில் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்னும் இனம் மேலோங்குகிறது. அதற்குக் குளிர் அவ்வளவாகத் தொந்தரவு தருவதில்லை. ஒரு கிராம் இறைச்சியில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 10 மில்லியனை எட்டும்போது துர்நாற்றமும் பிசுபிசுப்பும் தெரியத் தொடங்குகின்றன.

கடையில் வாங்கும்போது ஒரு கிராமில் 1,000 பாக்டீரியாக்கள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பிரிந்து இரண்டாகும். 1,000 இரண்டாயிரமாகும், நாலாயிரமாகும், எட்டாயிரமாகும். இப்படி 10 முறை இரட்டித்தால் 1,024,000. 13 முறை இரட்டித்தால் 8,192,000. ஆகவே, 10 மில்லியனைத் தொடுவதற்கு 13 முறைக்குச் சற்று அதிகமாக இரட்டிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். 10 முறை இரட்டித்த பிறகும் நாம் எல்லையில் பத்தில் ஒரு பங்கைத்தான் கடந்திருக்கிறோம். மீதி ஒன்பது பங்கும் கடைசி மூன்று நான்கு இரட்டிப்புகளில் வந்து சேர்கிறது. "காலையில் நன்றாகத்தானே இருந்தது, மாலைக்குள் எப்படிக் கெட்டது?" என்று வீடுகளில் கேட்பார்கள். காலையிலும் அது கெட்டுக்கொண்டுதான் இருந்தது. நம் மூக்குக்குத்தான் எட்டவில்லை.

ஒருமுறை இரட்டிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அது வெப்பநிலையைப் பொறுத்தது. ராட்கோவ்ஸ்கி என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வின் பயனாக 1982இல் ஓர் எளிய விதியை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒரு கீழெல்லை வெப்பநிலை உண்டு. இப்போதைய வெப்பநிலை அந்தக் கீழெல்லையிலிருந்து எத்தனை டிகிரி மேலே இருக்கிறதோ, அந்த எண்ணுக்கு ஏற்ற விகிதத்தில் வளர்ச்சி வேகத்தின் வர்க்கமூலம் இருக்கும் என்பதே அந்த விதி. வேறு விதமாகச் சொன்னால், இடைவெளி இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். இடைவெளி மூன்று மடங்கானால் வேகம் ஒன்பது மடங்காகும். பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த வெப்பநிலையைத் தாண்டிவிட்டால் இந்த விதி பொருந்தாது. நமக்கு வேண்டிய அளவுக்குப் பொருந்தும்.

நம் இறைச்சியைக் கெடுக்கும் பாக்டீரியாவின் கீழெல்லை −8 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி, அதிலிருந்து 12 டிகிரி மேலே இருக்கிறது. நம் ஊரின் 28 டிகிரி, 36 டிகிரி மேலே இருக்கிறது. 36 என்பது 12ஐப் போல் 3 மடங்கு. எனவே வேகம் 9 மடங்கு. குளிர்பதனப் பெட்டியில் ஒருமுறை இரட்டிக்க 9 மணி நேரம் ஆகுமானால், வெளியே 1 மணி நேரம் போதும். கதவு சரியாக மூடாமல் பெட்டி 10 டிகிரியில் இருந்தால் இடைவெளி 18 டிகிரி. அது 12ஐப் போல் ஒன்றரை மடங்கு. வேகம் 2.25 மடங்கு. இரட்டிப்பு நேரம் 4 மணி.

இப்போது முடிவைப் பாருங்கள். 4 டிகிரியில் இறைச்சி ஏறத்தாழ 5 நாள் தாங்குகிறது. 10 டிகிரியில் இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். 28 டிகிரியில் 13 மணி நேரம்.

நண்பரோடு பேசிக்கொண்டிருந்த கதைக்குத் திரும்புவோம். இறைச்சி காரின் பின்பெட்டியில் 3 மணி நேரம் 28 டிகிரியில் கிடந்திருந்தால், 3 இரட்டிப்புகள் முடிந்துவிட்டன. குளிர்பதனப் பெட்டியில் அதே 3 இரட்டிப்புகளுக்கு 27 மணி நேரம் ஆகியிருக்கும். ஆக, அந்த உரையாடல் இறைச்சியின் ஆயுளில் ஒரு நாளுக்கு மேல் தின்றுவிட்டது. உண்மையில் மூடிய காரின் பின்பெட்டி 28 டிகிரியோடு நிற்பதில்லை. பொட்டலத்தின் மேலுள்ள தேதியோ மாறாமல் அப்படியே இருக்கிறது.

இதை வைத்து, 13 மணி நேரம் வரை வெளியே வைக்கலாம் என்று யாரும் முடிவு செய்யக்கூடாது. நாம் கணக்கிட்டது நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவை மட்டுமே. நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வேறு. அவற்றை மனத்தில் வைத்துத்தான் எளிதில் கெடும் உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்கிறார்கள்.

இரண்டாம் கணக்கு: விசை

கெடுக்கும் பாக்டீரியாக்கள் பெருகப் பெருக வாயுவும் அதே விகிதத்தில் கூடுகிறது என்று கொள்வோம். இந்த வாயு நம் வில்லையின் விசையை எப்படி இயக்குகிறது?

அறையின் விசையைத் தட்டினால் விளக்கு எரியும், இல்லாவிட்டால் எரியாது. மரபணுவின் விசை அப்படியல்ல. கொஞ்சம் வாயு பட்டால் கொஞ்சம் இயங்கும், நிறையப் பட்டால் நிறைய இயங்கும். அந்த உறவை விளக்கும் சமன்பாடு இதற்கென்று பிறந்ததன்று. 1910இல் ஆர்ச்சிபால்ட் ஹில் என்னும் ஆங்கிலேய அறிஞர், இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதை விளக்க அதை எழுதினார். நூறாண்டு கழித்து அதே சமன்பாடு மரபணு விசைகளுக்கும் உதவுகிறது.

ஹில் சமன்பாட்டில் இரண்டு எண்கள் முக்கியம். விசை சரிபாதி இயங்குவதற்குத் தேவையான வாயுவின் அளவு முதலாவது. அதை 'நடு அளவு' என்போம். இரண்டாவது எண், விசை எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதைச் சொல்கிறது. அதைச் 'செங்குத்து எண்' என்போம். வாயுவை நடு அளவால் வகுத்து, வரும் விடையைச் செங்குத்து எண்ணின் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அந்த எண்ணை, அதனோடு 1 கூட்டி வருவதால் வகுத்தால் விசையின் இயக்கம் கிடைக்கும்.

வாயு நடு அளவில் பாதி இருக்கும்போது பார்ப்போம். இறைச்சி இன்னும் கெடவில்லை என்று பொருள். செங்குத்து எண் 1 ஆனால், விசை மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 விழுக்காடு இயங்குகிறது. செங்குத்து எண் 4 ஆனால் அரையின் நான்காம் அடுக்கு பதினாறில் ஒன்று. எனவே விசை பதினேழில் ஒரு பங்கு, ஏறக்குறைய 6 விழுக்காடுதான் இயங்குகிறது. வாயு நடு அளவைப் போல் இரு மடங்கானால் நிலைமை தலைகீழ். முதல் விசை 67 விழுக்காடு. இரண்டாவது 94 விழுக்காடு. முதல் விசை எப்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது வாயை மூடிக்கொண்டிருந்து, நேரம் வந்ததும் உரக்கக் கத்துகிறது. காவலருக்கு எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் கணக்கு: நிறம்

விசை இயங்கியவுடன் நிறம் தெரிந்துவிடாது. நிறமி சேர வேண்டும். சேரும்போதே கொஞ்சம் சிதைந்தும் போகும். அடியில் ஓட்டையுள்ள வாளியில் குழாயைத் திறந்துவிட்டதுபோல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் உயர உயர, ஓட்டை வழியாக ஒழுகுவதும் கூடும். ஒழுகுவதும் விழுவதும் சமமாகும் உயரத்தில் தண்ணீர் நின்றுவிடும்.

முழுமையாக இயங்கும் விசை, மணிக்கு 10 அலகு நிறமியைத் தயாரிக்கிறது என்று கொள்வோம். இருக்கும் நிறமியில் பத்தில் ஒரு பங்கு மணிதோறும் சிதைகிறது. 30 அலகு சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கணக்கு இப்படிப் போகும்:

இப்போதைய நிறமி = முந்தைய நிறமி − அதில் பத்தில் ஒரு பங்கு + இந்த மணி நேரத்தில் தயாரானது

முதல் மணியில் 10. இரண்டாம் மணியில் 10 − 1 + 10 = 19. மூன்றாம் மணியில் 19 − 1.9 + 10 = 27.1. நான்காம் மணியில் 34.4. ஆக, நான்காம் மணியில் நிறம் தெரிகிறது. விடாமல் கணக்குப் போட்டால், 100 அலகை நெருங்கி அங்கே நின்றுவிடும். அங்கே சிதைவதும் 10, தயாராவதும் 10.

இனி, முணுமுணுக்கும் விசையை இதில் போடுங்கள். இறைச்சி கெடவில்லை, வாயு நடு அளவில் பாதியிலேயே நிற்கிறது. 33 விழுக்காடு இயங்கும் விசை மணிக்கு 3.3 அலகு தயாரிக்கிறது. மெதுவாகத்தான் சேருகிறது. ஆனாலும் 22 மணி நேரத்தில் 30 அலகைத் தாண்டிவிடுகிறது. மறுநாள் பெட்டியைத் திறக்கும் அம்மா, நிறம் மாறிய வில்லையைப் பார்த்து நல்ல இறைச்சியைத் தூக்கி எறிவார். செங்குத்து எண் 4 உள்ள விசையில் நிறமி 6 அலகைக்கூடத் தொடாது. குப்பைக்குப் போவதும் சமையலுக்குப் போவதும் ஓர் அடுக்கு எண்ணில் தொங்குகின்றன என்பதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

நான்கு மணி நேரத் தாமதம்

மூன்று கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான சிக்கல் தெரியும். இறைச்சி 28 டிகிரியில் இருக்கிறது. வாயு இப்போதுதான் நடு அளவைத் தொட்டது. செங்குத்து விசை பாதி இயங்கி 5 அலகு தயாரிக்கிறது. அடுத்த மணியில் வாயு இரட்டிக்கிறது, விசை 94 விழுக்காடு, நிறமி 13.9. அடுத்த மணியில் 22.5. நான்காம் மணியில் 30.2. இப்போது நிறம் தெரிகிறது.

இந்த 4 மணி நேரத்தில் இறைச்சியில் என்ன நடந்தது? பாக்டீரியா ஒவ்வொரு மணியிலும் இரட்டித்தது: 2, 4, 8, 16. வாயு நடு அளவைத் தொட்டபோது இருந்ததைப் போல் 16 மடங்கு ஆகிவிட்டது. 10 மில்லியனில் விசை பாதி இயங்கும்படி வடிவமைத்திருந்தால், நிறம் தெரியும்போது எண்ணிக்கை 160 மில்லியனாக இருக்கும். நாற்றம் அடுத்த அறைக்கே போயிருக்கும், வில்லை தேவைப்பட்டிருக்காது. சரியான நேரத்தில் நிறம் தெரிய வேண்டுமானால், எண்ணிக்கை 625,000ஆக இருக்கும்போதே விசை பாதி இயங்கத் தொடங்க வேண்டும். அப்போது இறைச்சியில் எந்த நாற்றமும் இருக்காது. மனித மூக்கால் உணர முடியாததை அந்த விசை உணர வேண்டும். இந்த 16 என்னும் எண்ணைச் சோதனைக்கூடத்தில் இடறி விழுந்து தெரிந்துகொள்ளலாம். தாளில் முன்கூட்டியும் தெரிந்துகொள்ளலாம். மாதிரியின் வேலை இதுதான்.

குளிர்பதனப் பெட்டிக்குள் போனால் இன்னொரு திருப்பம் காத்திருக்கிறது. கெடுக்கும் பாக்டீரியா 9 மடங்கு மெதுவாகிறது. வில்லைக்குள் இருக்கும் பாக்டீரியாவும் அதே 9 மடங்கு மெதுவானால் கவலையில்லை. 4 மணி நேரத் தாமதம் 36 மணி நேரமாகும். அதற்குள் கெடுக்கும் பாக்டீரியா நடத்துவது அதே 4 இரட்டிப்புகள்தாம். இரண்டு கடிகாரங்களும் ஒரே விகிதத்தில் மெதுவானால் கணக்கு மாறுவதில்லை. ஆனால், பேசில்லஸ் சப்டிலிஸ் குளிரை விரும்புவதன்று. 30 முதல் 37 டிகிரி வரையில் நன்றாக வளரும் அது, குளிர்பதனப் பெட்டியில் ஏறக்குறைய முடங்கிவிடும். கணக்குக்காக அதன் கீழெல்லையை 0 டிகிரி என்று வைத்து, நிறமி தயாரிக்கும் வேகமும் அதே வர்க்கமூல விதியைப் பின்பற்றுகிறது என்று கொள்வோம். 28 டிகிரியில் இடைவெளி 28. 4 டிகிரியில் இடைவெளி 4. இது 7 மடங்கு வேறுபாடு. எனவே வேகத்தில் 49 மடங்கு வேறுபாடு. 4 மணி நேரம் 196 மணி நேரமாகிவிடும். அது 8 நாளுக்கும் அதிகம். இறைச்சியோ 5 நாளில் கெட்டுவிடும். பெட்டிக்குள் ஒட்டிய வில்லை, "எல்லாம் நலம்" என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி உண்டா? குளிரில் சுறுசுறுப்பாக இருக்கும் வேறொரு பாக்டீரியாவைத் தேடலாம். அல்லது குறைந்த நிறமியிலேயே கண்ணுக்குத் தெரியும் அடர்ந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது வழியையும் நம் கணக்கிலேயே சோதிக்கலாம்: 30 அலகுக்குப் பதிலாக 10 அலகிலேயே நிறம் தெரியுமானால், அதே 28 டிகிரிக் கணக்கில் இரண்டாம் மணியிலேயே நிறம் தெரிந்துவிடும்; 16 மடங்கு 4 மடங்காகக் குறையும். ஆனால், முணுமுணுக்கும் விசையாக இருந்தால் பொய் எச்சரிக்கை இன்னும் சீக்கிரம் வரும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. எந்தத் தவற்றை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதைச் சமன்பாடு சொல்லாது. நல்ல இறைச்சியை எறிவதைவிடக் கெட்டதை உண்பதே பெரிய தவறு என்பது என் கருத்து. இறைச்சியே அரிதாகக் கிடைக்கும் வீட்டில் ஒருவேளை வேறு மாதிரி நினைக்கலாம்.

மாதிரியில் நாம் விட்டுவிட்டவையும் உண்டு. புதிய இடத்துக்கு வந்த பாக்டீரியா உடனே பெருகாது. சிறிது நேரம் தயங்கும். இடமும் உணவும் குறையும்போது பெருக்கம் தளரும். பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகையைப் பற்றி 1838இலேயே எழுதிய சமன்பாடு அதற்கு உதவும். காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்த பொட்டலத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் மேலோங்கிப் புளித்த வாடையை உண்டாக்கும். அங்கே வேறு கணக்கு வேண்டும். இவற்றையெல்லாம் சேர்க்கச் சேர்க்க மாதிரி உண்மைக்கு நெருங்கிவரும். கையால் கணக்கிடுவது கடினமாகும். அப்போது கணினியிடம் கொடுத்துவிடுவார்கள். பிறகு சோதனைக்கூடத்தில் மணிக்கு மணி நிறமியை அளந்து, நடு அளவு, செங்குத்து எண் ஆகியவற்றின் உண்மை மதிப்பைக் கண்டுபிடித்து மாதிரிக்குள் போடுவார்கள். மாதிரி சொன்ன வளைகோடும் அளந்த புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை என்றால், நாம் எதையோ மறந்துவிட்டோம் என்று பொருள்.

மிகப் பெரிய குறை ஒன்று மாதிரிக்கு வெளியே இருக்கிறது. நாற்றமும் நோயும் ஒன்றல்ல. சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் எந்த வாடையும் தராமல் இறைச்சியில் இருக்கலாம். அவற்றை அம்மாவின் பழைய மூக்கும் கண்டுபிடித்திருக்காது. வாயுவை நம்பும் எந்த வில்லையும் கண்டுபிடிக்காது. நன்றாக வேகவைப்பதற்கு மாற்று இல்லை.

குரோனிங்கன் மாணவர்களின் வில்லை போட்டி மேடையில் பரிசு வாங்கியது. நம் சந்தைக்கு வரவில்லை. மரபணு மாற்றிய உயிரை உணவுக்குப் பக்கத்தில் வைப்பதென்றால், உறை ஒருபோதும் கிழியாது என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும். மக்கள் அதை ஏற்கவும் வேண்டும்.

அம்மாவிடம் இந்தக் கணக்கை ஒருநாள் சொன்னேன். ஹில்லைப் பற்றியும் வர்க்கமூலத்தைப் பற்றியும் அவர் அக்கறை காட்டவில்லை. "வெளியே ஒரு மணி, உள்ளே ஒன்பது மணி" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். இப்போது சந்தையிலிருந்து வந்ததும், பொட்டலத்தின்மேல் பேனாவால் இரண்டு எண்கள் எழுதுகிறார்: கடையில் வாங்கிய நேரம், பெட்டிக்குள் வைத்த நேரம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போனதோ, அதை ஒன்பதால் பெருக்கி, நாளைக் குறைத்துக்கொள்கிறார். இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பெருக்குவதுகூட இல்லை.